ஏன் இன்னும் பாக்ஸிங் பார்க்கிறேன்

“ரெண்டு பேர் மாத்தி மாத்தி மூஞ்சியில குத்திக்கிறாங்க, இதுல அப்படி என்னதான் இருக்கு?” இந்தக் கேள்வியைக் கேட்காத நண்பர் எனக்குக் கிடையாது. கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. திரையில் முதலில் தெரிவது அதுதான். நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்துவரும் எனக்கே அதைப் பார்த்து முகம் சுளிக்கத் தோன்றிய இரவுகள் உண்டு. ஆனாலும் அடுத்த பெரிய சண்டை வரும்போது எல்லா வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன், ஏன் என்று இந்த முறை கொஞ்சம் பொறுமையாக எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

கேட்பவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான்: ஒரே ஒரு ரவுண்டு கையைப் பார்க்காமல் காலை மட்டும் பாருங்கள். ரிங் ஒரு சதுரம். கயிறுகளுக்குள் ஒரு பக்கம் 16 முதல் 20 அடி வரை இருக்கும். அதற்குள் ஒருவர் இடத்தைப் பிடுங்கப் பார்க்கிறார், இன்னொருவர் இடத்தை உருவாக்கப் பார்க்கிறார். எதிராளி போன வழியிலேயே பின்னால் போகிறவர் எப்போதும் அரை அடி தாமதமாகத்தான் போய்ச் சேருவார். தெரிந்தவர் பின்னால் போகமாட்டார், பக்கவாட்டில் ஒரு எட்டு வைத்து, எதிராளி அடுத்து எங்கே போகப்போகிறாரோ அந்த வழியை அடைப்பார். முன்னாள் ஹெவிவெயிட் (அதிக எடைப்பிரிவு) சாம்பியன் ஜோ ஃப்ரேசியர் இதில் மன்னன். ஜார்ஜ் ஃபோர்மன் இளமையில் இதை இன்னும் கொடூரமாகச் செய்தார். மூன்று நான்கு அடிகளில் எதிராளியைக் கயிற்றோரம் கொண்டுவந்து நிறுத்திவிடுவார், அதற்குப் பிறகுதான் கையே வேலையை ஆரம்பிக்கும்.

வலக்கைக்காரரும் இடக்கைக்காரரும் மோதினால் கால் விஷயம் இன்னும் சுவாரசியமாகிவிடும். இருவருடைய முன்னங்கால்களும் நேருக்கு நேர் வந்து இடித்துக்கொள்ளும். யாருடைய முன்னங்கால் மற்றவருடைய காலுக்கு வெளியே போய் நிற்கிறதோ, அவருடைய பின்கைக்கு நேர் பாதை கிடைக்கும். ஆக, பன்னிரண்டு ரவுண்டும் இரண்டு பாதங்கள் ஓரிரண்டு அங்குல இடத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டே இருக்கும், நேரடி வர்ணனையில் பாதி நேரம் அதைப் பற்றிப் பேசக்கூட மாட்டார்கள். உக்ரைன் வீரர் வாசில் லோமசென்கோவின் தந்தை, மகன் சிறுவனாக இருந்தபோது, பாக்ஸிங்கைச் சில ஆண்டுகள் நிறுத்திவைத்து நடனம் கற்க அனுப்பினார். அந்தச் சிறுவன் பிறகு 2008, 2012 ஒலிம்பிக் இரண்டிலும் தங்கம் வாங்கினான். அவர் எதிராளியின் முன்னால் ஒரு குத்து விட்டுவிட்டு, அதே மூச்சில் அவருடைய தோளுக்குப் பக்கத்தில் போய் நிற்பதைப் பார்க்கும்போது, அந்த நடன வகுப்புகள் வீண்போகவில்லை என்று புரியும்.

அடுத்து ஜாப். முன்கையால் நேராக நீட்டும் சாதாரணக் குத்து, யாரையும் பெரும்பாலும் வீழ்த்தாது. ஆனால் எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது: தூரத்தை அளக்க, எதிராளியின் கண்ணை மறைக்க, அவர் குத்து விட நினைக்கும் கணத்தில் தலையைப் பின்னுக்குத் தள்ளி அந்த நினைப்பைக் கலைக்க. நல்ல ஜாப் இல்லாதவர் ரிங்கில் இருப்பது இருட்டில் சுவரைத் தடவாமல் நடப்பது மாதிரி. லாரி ஹோம்ஸின் ஜாப்பைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1978-இல் கென் நார்ட்டனோடு பதினைந்து ரவுண்டு அவர் ஆடிய ஆட்டத்தின் கடைசி ரவுண்டுக்காக அந்தச் சண்டையை மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன். ஹோம்ஸுக்கு முகமது அலியின் நிழலில் வந்தவர் என்ற துரதிர்ஷ்டம் இருந்தது. அவருக்கு உரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது வயிற்றுப் பக்கக் குத்துதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

புதிதாகப் பார்ப்பவர்கள் தலையில் விழும் குத்துக்குத்தான் கத்துவார்கள். விலாவில் விழுவது சத்தமில்லாமல் விழும், கேமராவில் சரியாகத் தெரியவும் தெரியாது. கல்லீரல் நம் வலது விலா எலும்புகளுக்குக் கீழே இருக்கிறது, எதிரே நிற்பவரின் இடது கைக்கு நேராக. முகத்தைக் காப்பாற்ற முழங்கையை ஒரு இரண்டு அங்குலம் தூக்கினால் போதும், அந்த இடைவெளியில் இடது ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, நுழைந்துவிடும். விழுந்த உடனே ஒன்றும் நடக்காது. அதுதான் அதன் பயங்கரம். ஏறக்குறைய ஒரு நொடி அவர் நன்றாகத்தான் நிற்பார், சிலர் பதிலுக்கு ஒரு குத்தைக்கூட விடுவார்கள், அதற்குப் பிறகு உடல் தானாக மடியும். தலையில் வாங்கி விழுந்தவருக்கு நடந்தது பாதி தெரியாது. கல்லீரலில் வாங்கியவருக்கு எல்லாம் தெரியும், ரெஃப்ரி பத்து வரை எண்ணுவது கேட்கும், எழ வேண்டும் என்று தெரியும், உடல் மட்டும் எழாது. 2004-இல் பெர்னார்ட் ஹாப்கின்ஸ் ஒன்பதாவது ரவுண்டில் இப்படி ஒன்றை விட்டபோது ஆஸ்கார் டி லா ஹோயா தரையில் கவிழ்ந்து கிடந்தபடி கையுறையால் தரையைக் குத்திக்கொண்டிருந்தார், எழ முடியாத ஆற்றாமையில்.

இந்தக் குத்தை வைத்துத்தான் நான் பார்த்ததிலேயே சிறந்த ரவுண்டு ஆரம்பிக்கிறது. 2002 மே 18, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், ஆர்டுரோ காட்டியும் மிக்கி வார்டும். எந்தப் பட்டமும் பணயத்தில் இல்லை. வார்ட் சாலை போடும் வேலை செய்துகொண்டே பாக்ஸிங் ஆடியவர், தோல்விகள் நிறைய. காட்டி முன்னாள் சாம்பியன், ஆனால் முகம் சீக்கிரம் கிழிந்துவிடும், ரத்தம் கண்ணுக்குள் இறங்க இறங்க இன்னும் வேகமாக ஆடுகிறவர். எட்டு ரவுண்டு இரண்டு பேரும் மாறி மாறி வாங்கிய பிறகு ஒன்பதாவது ரவுண்டு தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே வார்டின் இடது கை காட்டியின் விலாவில் இறங்கியது. காட்டி முகத்தைச் சுருக்கிக்கொண்டு முட்டி போட்டார். அந்தக் குத்தை அப்படி வாங்கியவர்கள் எழுந்திருப்பது அரிது. ஒன்பது எண்ணும்போது எழுந்தார்.

எழுந்தவரை வார்ட் விடவில்லை. இருபது முப்பது குத்து தொடர்ந்து, காட்டி கயிற்றோரம், முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த இடத்தில் வார்ட் களைத்துப்போகிறார். குத்திக் குத்தியே களைப்பு. இப்போது காட்டியின் முறை. கொஞ்ச நேரத்துக்கு முன் மூச்சுவிட முடியாமல் முட்டி போட்டவர், இந்தப் பக்கம் வார்டின் வயிற்றிலும் தலையிலும் இறக்கிக்கொண்டு முன்னேறுகிறார். வார்ட் கையைத் தாழ்த்திக்கொண்டு வாங்குகிறார். பிறகு அதுவும் திரும்புகிறது. கடைசி ஒரு நிமிடம் மறுபடி வார்ட், காட்டியின் தலை இரண்டு பக்கமும் திரும்பிக்கொண்டே இருக்க, மணி அடிக்கிறது. மூன்று நிமிடத்தில் ஒரு முழுச் சண்டையின் எல்லாத் திருப்பங்களும் அடங்கிவிட்டன. வர்ணனையில் இருந்த பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டீவர்ட் இதை நூற்றாண்டின் ரவுண்டு என்றே சொன்னார், பேச்சு வேகத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

அன்று வார்ட் ஜெயித்தார், நூலிழையில். அடுத்த இரண்டு சண்டைகளிலும் காட்டி ஜெயித்தார், மூன்றாவதில் நடுவிலேயே வலது கை உடைந்தும் தொடர்ந்து ஆடினார். இரண்டு பேரும் அதற்குப் பிறகு நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். காட்டி 2007-இல் ஆடிய கடைசிச் சண்டையில் அவருடைய பயிற்சியாளராக நின்றவர் யார் தெரியுமா? மிக்கி வார்ட்.

சரி, அலி. அலியைப் பற்றி எழுதாமல் பாக்ஸிங் பற்றி எழுத முடியாது, ஆனால் எல்லோரும் எழுதியதையே திரும்ப எழுதவும் மனமில்லை. 1974 அக்டோபர் 30, ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரம், அலியும் ஃபோர்மனும். ஃபோர்மன் நாற்பது சண்டை ஆடி நாற்பதிலும் ஜெயித்தவர். அலியைத் தோற்கடித்திருந்த ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு முறை தரையில் போட்டவர், நார்ட்டனையும் இரண்டாவது ரவுண்டிலேயே முடித்தவர். அலிக்கு வயது 32. கயிற்றில் சாய்ந்து குத்துகளை வாங்கி ஃபோர்மனைக் களைக்க வைத்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு வியப்பாக இருப்பது முதல் ரவுண்டு. ஜாப் போட்டு வழி பண்ணாமல் நேரடியாக வலது கையை விட்டுக்கொண்டிருந்தார் அலி. வலது கை பின்னாலிருந்து வருகிறது, தூரம் அதிகம், தவறினால் உடம்பு முழுக்கத் திறந்து கிடக்கும். ஃபோர்மன் மாதிரி ஒருவரிடம் யாரும் செய்யத் துணியாத வேலை, அதனாலேயே ஃபோர்மன் அதை எதிர்பார்க்கவில்லை. அதில் ஆள் விழவில்லை என்று தெரிந்த பிறகுதான் கயிறு. அதாவது முதல் திட்டம் பலிக்காமல் போனபோது, உலகத்திலேயே பலமாகக் குத்துகிறவரின் முன்னால் நின்றுகொண்டு, மூன்று நிமிட இடைவெளியில் வேறு ஒரு திட்டத்துக்கு மாறினார். அந்தத் தைரியத்தைவிட அந்த யோசனைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

எட்டாவது ரவுண்டின் முடிவில் ஃபோர்மன் சுழன்று விழுகிறார். அந்தப் படத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அலியின் வலது கை இன்னொரு குத்துக்குத் தயாராக ஓங்கியிருக்கிறது. ஃபோர்மன் விழுந்துகொண்டிருக்கும்போது கூடவே வட்டமாக நகர்கிறார், கை ஓங்கியபடியே இருக்கிறது, விடவில்லை. விழுகிறவரைக் குத்தத் தேவையில்லை என்று அந்தக் களைப்பிலும் அந்த வேகத்திலும் ஒரு மனம் முடிவு செய்கிறது. பாக்ஸிங்கில் நான் தேடுவது இந்த மாதிரி இடங்களைத்தான், முடியும் என்றாலும் கையை நிறுத்திக்கொள்கிற இடங்களை.

இருபது ஆண்டு கழித்து, 1994 நவம்பரில், அதே ஃபோர்மன் 45 வயதில் மைக்கேல் மூரரை பத்தாவது ரவுண்டில் வீழ்த்தி மறுபடி ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். கின்ஷாசாவில் அணிந்த அதே சிவப்பு அரைக்கால்சட்டையை அணிந்திருந்தார். அன்று அலியின் கார்னரில், அதாவது ரிங்கில் அவருடைய மூலையில், பயிற்சியாளராக நின்ற ஆஞ்சலோ டண்டீ இந்த முறை ஃபோர்மனின் கார்னரில் நின்றார். ஒன்பது ரவுண்டு தோற்றுக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு நேர் வலது குத்து. ஜெயித்ததும் மூலையில் மண்டியிட்டுவிட்டார். ஃபோர்மன் 2025 மார்ச்சில் காலமானார், 76 வயது. செய்தி வந்த அன்று நான் கின்ஷாசாவைப் பார்க்கவில்லை, மூரர் சண்டையைத்தான் போட்டுப் பார்த்தேன்.

டண்டீ என்றதும் கார்னர் பற்றிப் பேசியாக வேண்டும். ரவுண்டுகளுக்கு நடுவே ஒரு நிமிடம். நடந்து வந்து ஸ்டூலில் உட்காரவும் மறுபடி எழவும் போக, கையில் இருப்பது ஐம்பது நொடிகூட இருக்காது. அதற்குள் ஒருவர் கிழிந்த புருவத்தில் அட்ரினலின் தோய்த்த பஞ்சை அழுத்துவார், குளிர்ந்த இரும்புக் கட்டியை வைத்து வீக்கத்தை ஒதுக்குவார், மேலே வாஸ்லின் பூசுவார். இன்னொருவர் தண்ணீர் கொடுப்பார். தலைமைப் பயிற்சியாளர் எதிரில் குனிந்து இரண்டு விஷயம் சொல்வார், அதற்கு மேல் சொன்னால் அந்த நிலையில் யாருக்கும் ஏறாது. அந்த இரண்டு விஷயம் என்ன என்பதில்தான் பயிற்சியாளரின் வாழ்நாள் அறிவெல்லாம் இருக்கிறது. 1981-இல் ஷுகர் ரே லியோனார்ட், தாமஸ் ஹெர்ன்ஸிடம் புள்ளிகளில் பின்தங்கி, இடது கண் மூடிக்கொண்டே வரும் நிலையில் பன்னிரண்டாவது ரவுண்டு முடிந்து வந்து உட்கார்ந்தார். டண்டீ உத்தி எதுவும் சொல்லவில்லை, கைக்கு வந்ததைக் கோட்டைவிடுகிறாய் மகனே என்று மட்டும் சொன்னார். பதின்மூன்றாவது ரவுண்டில் ஹெர்ன்ஸ் கயிறுகளுக்கு நடுவே விழுந்தார், பதினான்காவதில் சண்டை முடிந்தது.

அதற்கு நேர் எதிரான ஒரு நிமிடமும் உண்டு. 1975 அக்டோபர் 1, மணிலா, அலியும் ஃப்ரேசியரும் மூன்றாவது முறை. காலை நேரச் சண்டை, உள்ளே தாங்க முடியாத வெக்கை. பதினான்கு ரவுண்டு முடிந்திருந்தது. ஃப்ரேசியருக்கு இடது கண்ணில் ஏற்கெனவே பார்வை மோசம், அதை அவர் பல ஆண்டுகளாக வெளியில் சொல்லாமல் மறைத்திருந்தார். இப்போது நல்ல கண்ணான வலது கண்ணும் வீங்கி மூடிவிட்டது. அலியின் வலது கை வருவதே அவருக்குத் தெரியவில்லை. இன்னும் ஒரே ஒரு ரவுண்டு. எடி ஃபட்ச் என்ற அந்தப் பயிற்சியாளர் நிறுத்திவிட்டார். ஃப்ரேசியர் எழப் பார்க்கிறார், வேண்டாம் என்று மறுக்கிறார். ஃபட்ச் அவர் தோளில் கை வைத்து, உட்கார் மகனே, முடிந்துவிட்டது, இன்று நீ இங்கே செய்ததை யாரும் மறக்கமாட்டார்கள் என்றார்.

எதிர் மூலையில் அலி எழுந்து நின்று ஒரு கையைத் தூக்கிவிட்டு அப்படியே சரிந்தார். சாவுக்கு மிக அருகில் போய்வந்தது போல இருந்தது என்று பிறகு சொன்னார். இன்னும் மூன்று நிமிடம் போயிருந்தால் யார் ஜெயித்திருப்பார் என்று ரசிகர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். அந்த வாதத்தில் எனக்கு ஆர்வமே இல்லை. ஃபட்ச் செய்ததுதான் சரி. ஃப்ரேசியர் நெடுநாள் அதை நினைத்து வருந்தியிருக்கலாம், ஆனால் வருந்துவதற்கு அவர் உயிரோடு இருந்தார்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த விளையாட்டில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். 1962-இல் பென்னி பாரெட், எமில் கிரிஃபித்தின் குத்துகளில் மூலையில் கயிற்றுக்கிடையில் சிக்கி விழ இடமில்லாமல் நின்றார், நேரடித் தொலைக்காட்சியில். பத்து நாள் கழித்து இறந்தார். 1982 நவம்பரில் தென் கொரியாவின் கிம் டுக்-கூ, ரே மான்சினியோடு ஆடிய சண்டையின் பதினான்காவது ரவுண்டில் விழுந்தார், சில நாட்களில் இறந்தார். அதற்குப் பிறகுதான் உலக பாக்ஸிங் கவுன்சில் பட்டச் சண்டைகளைப் பதினைந்திலிருந்து பன்னிரண்டு ரவுண்டாகக் குறைத்தது, மற்ற அமைப்புகளும் பின்னர் குறைத்தன. 1991-இல் லண்டனில் மைக்கேல் வாட்சன், கிரிஸ் யூபாங்கோடு ஆடி மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு விழுந்தபோது ரிங் அருகில் தேவையான மருத்துவ ஏற்பாடு இல்லை. அவர் பிழைத்தார், வழக்குப் போட்டு ஜெயித்தார், அதன் பிறகு ரிங் அருகே மருத்துவ விதிகள் கடுமையாயின. 2003-இல் வாட்சன் லண்டன் மாரத்தான் தூரத்தை ஆறு நாள் நடந்து முடித்தார். கூட நடந்தவர்களில் யூபாங்க் ஒருவர்.

இதையெல்லாம் மறைத்துவிட்டு பாக்ஸிங்கைப் புகழ என்னால் முடியாது. இந்தப் பெயர்களும் நான் நேசிக்கிற விளையாட்டின் பகுதிதான். அதனால்தான் சண்டையை நிறுத்துகிற ஆளை நான் ஒருபோதும் திட்டுவதில்லை. 1990 மார்ச் 17, லாஸ் வேகாஸ். மெல்ட்ரிக் டெய்லர் பதினொரு ரவுண்டு ஹூலியோ சீசர் சாவேஸைவிட வேகமாகவும் அழகாகவும் ஆடினார், மூன்று நடுவர்களில் இருவரின் அட்டையில் தெளிவாக முன்னால் இருந்தார். ஆனால் அந்தப் பதினொரு ரவுண்டில் சாவேஸின் ஒவ்வொரு குத்தும் எதையோ உடைத்துக்கொண்டே இருந்தது. கடைசி ரவுண்டின் கடைசிக் கணங்களில் டெய்லர் விழுந்தார், கயிற்றைப் பிடித்து எழுந்தார். ரெஃப்ரி ரிச்சர்ட் ஸ்டீல் இரண்டு முறை கேட்டார், சரியாக இருக்கிறாயா என்று. பதில் இல்லை, டெய்லர் தன் கார்னர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டீல் கையை அசைத்து முடித்துவிட்டார். மீதி இருந்தது இரண்டு நொடி.

இரண்டு நொடி விட்டிருந்தால் டெய்லருக்கு வெற்றி. அதற்காக ஸ்டீலை அன்றிலிருந்து இன்றுவரை திட்டுகிறார்கள். டெய்லருக்கு முகத்தில் எலும்பு முறிந்திருந்தது, நிறைய ரத்தம் விழுங்கியிருந்தார், அதற்குப் பிறகு அவர் பழைய டெய்லராக இருக்கவே இல்லை. கடிகாரத்தைப் பார்ப்பது ரெஃப்ரியின் வேலை இல்லை, எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்ப்பதுதான் வேலை. டெய்லருக்காக எனக்கு இன்றும் மனசு கனக்கும், ஸ்டீல் பக்கம்தான் நிற்பேன்.

என் கோபமெல்லாம் வேறு இடத்தில். நாலு அமைப்பு, நாலு சாம்பியன் பெல்ட், பதினேழு பதினெட்டு எடைப்பிரிவு, யார் சாம்பியன் என்று ரசிகனுக்கே தெரியாத நிலை. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் ராய் ஜோன்ஸ் முழுக்க முழுக்க ஆதிக்கம் செலுத்திவிட்டு 3–2 என்று தோற்றார். 1993-இல் பெர்னெல் விட்டேக்கர் சாவேஸைப் பன்னிரண்டு ரவுண்டும் காற்றைக் குத்த வைத்தார், தீர்ப்பு டிரா என்று வந்தது. விட்டேக்கர் கை எட்டும் தூரத்திலேயே நின்று, இடுப்பை வளைத்து, முட்டி மடக்கி, ஒன்றும் படாமல் நிமிர்வார். அதைப் பார்க்கத் தெரியாதவர் கையில் மதிப்பெண் அட்டை கொடுப்பது அந்தக் கலைக்குச் செய்யும் துரோகம். இதைப் பற்றி அதிகம் எழுதினால் கோபம்தான் ஏறும், விட்டுவிடுகிறேன்.

நல்ல விஷயத்துக்கு வருகிறேன். பெண்கள் பாக்ஸிங் ஒலிம்பிக்கில் நுழைந்ததே 2012 லண்டனில்தான். பத்து ஆண்டுக்குள், 2022 ஏப்ரல் 30 அன்று, அயர்லாந்தின் கேட்டி டெய்லரும் புவேர்ட்டோ ரிக்கோவின் அமாண்டா செர்ரானோவும் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மோதினார்கள். அலியும் ஃப்ரேசியரும் 1971-இல் முதன்முதலாக மோதிய அரங்கம் அது. அங்கே இரண்டு பெண்கள் முக்கியச் சண்டையாக ஆடியது அதுவே முதல் முறை, அரங்கம் நிரம்பியிருந்தது. ஐந்தாவது ரவுண்டில் செர்ரானோ டெய்லரைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டார். மூக்கில் ரத்தம், கால்கள் தடுமாற்றம். டெய்லர் அதிலிருந்து அடுத்த ரவுண்டுகளில் மெல்ல மெல்ல எப்படி மீண்டார் என்பதுதான் அந்தச் சண்டையின் மொத்த அழகும். நெருங்கி நின்று மோத வேண்டும் என்ற ஆசையைக் கட்டிப்போட்டு, இரண்டு குத்து, விலகல், இரண்டு குத்து, விலகல். கடைசி ரவுண்டில் அந்தக் கட்டுப்பாட்டையும் தூக்கிப்போட்டுவிட்டு இருவரும் நின்ற இடத்தில் நின்று மோதினார்கள். நடுவர்கள் இரண்டுக்கு ஒன்று என்று பிரிந்த தீர்ப்பில் டெய்லருக்கு வெற்றி. ரவுண்டு இரண்டே நிமிடம் என்ற விதியில் ஆடியதால் சண்டை இன்னும் நெருக்கமாகத் தெரிந்தது என்பார்கள், எனக்கு அது மூன்று நிமிடமாக இருந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது.

சண்டை முடிந்ததும் நடப்பதை நான் எப்போதும் அணைக்காமல் பார்ப்பேன். 2019 நவம்பரில் ஜப்பானின் சைதாமாவில் நவோயா இனோவேயும் நோனிட்டோ டொனைரும் ஆடினார்கள். டொனைருக்கு அப்போது 36 வயது, எல்லோரும் சீக்கிரம் முடிந்துவிடும் என்றார்கள். இரண்டாவது ரவுண்டிலேயே அவருடைய இடது ஹூக் இனோவேயின் கண்குழி எலும்பை உடைத்தது, மிச்சச் சண்டை முழுக்க இனோவே எல்லாவற்றையும் இரண்டிரண்டாகப் பார்த்துக்கொண்டே ஆடினார். பதினொன்றாவதில் கல்லீரல் குத்து ஒன்றில் டொனைர் விழுந்து எழுந்தார். இனோவே ஜெயித்தார், பரிசாக அலியின் பெயரிட்ட கோப்பை. கோப்பையை வாங்கி வருவதாகத் தன் பையன்களுக்கு வாக்குக் கொடுத்திருந்த டொனைர், ஒரு இரவுக்கு மட்டும் அதைக் கடனாகத் தர முடியுமா என்று கேட்டார். இனோவே கொடுத்தார்.

பழைய கதையில் இன்னொன்று. ஜோ லூயிஸும் மாக்ஸ் ஷ்மெலிங்கும். 1936-இல் ஷ்மெலிங் லூயிஸை வீழ்த்தினார், நாஜி ஜெர்மனி அதைத் தன் இனப் பெருமையாகத் தூக்கிப் பிடித்தது. 1938-இல் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் லூயிஸ் 124 நொடியில் கணக்கை முடித்தார். இரண்டு நாடுகளின் சண்டை என்று உலகம் பேசிய அந்த இருவரில், ஷ்மெலிங் அதே ஆண்டு யூதர்கள் மேல் தாக்குதல் நடந்த இரவில் இரண்டு யூதச் சிறுவர்களைத் தன் அறையில் மறைத்துக் காப்பாற்றினார். போருக்குப் பிறகு லூயிஸும் அவரும் நண்பர்கள் ஆனார்கள். 1981-இல் லூயிஸ் இறந்தபோது இறுதிச் சடங்குச் செலவில் ஷ்மெலிங்கும் பங்கு கொடுத்தார்.

பழைய காலம்தான் பொற்காலம் என்று சொல்கிற ரசிகன் நான் இல்லை. 2024 மே 18 இரவு ரியாத்தில் ஒலெக்ஸாந்தர் உசிக், டைசன் ஃபியூரியை ஜெயித்தது நான் பார்த்த மிகச் சிறந்த ஹெவிவெயிட் ஆட்டங்களில் ஒன்று. ஃபியூரி ஆறடி ஒன்பது அங்குலம், உசிக் அரை அடி குட்டை. நடு ரவுண்டுகளில் ஃபியூரியின் அப்பர்கட், கீழிருந்து மேல்நோக்கி வரும் குத்து, வயிற்றிலும் முகத்திலும் ஏறிக்கொண்டிருந்தது, உசிக் பின்னால் போகவில்லை. மேலே சொன்னேன் அல்லவா, முன்னங்கால் வெளியே வைப்பது, அதைச் செய்துகொண்டே இருந்தார். ஒன்பதாவது ரவுண்டில், இடக்கைக்காரரான அவருடைய அந்த இடது கை ஒரு முறை சரியாக விழுந்தது, ஃபியூரி ஒரு கயிற்றிலிருந்து இன்னொரு கயிற்றுக்குத் தள்ளாடிப் போனார். 1999-இல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு ஹெவிவெயிட்டில் எல்லாப் பட்டங்களையும் ஒருசேர வைத்திருந்த முதல் ஆள் உசிக்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு: 1985 ஏப்ரல் 15, மார்வின் ஹேக்லர், தாமஸ் ஹெர்ன்ஸ். மொத்தம் எட்டு நிமிடம்தான் ஓடும். முதல் ரவுண்டை எந்த ஆராய்ச்சியும் இல்லாமல் அப்படியே பாருங்கள். அதற்குள்ளேயே ஹேக்லரின் நெற்றி கிழிந்துவிடும், ஹெர்ன்ஸின் வலது கை உடைந்துவிடும். இரண்டாவது ரவுண்டில் மட்டும் ஹெர்ன்ஸின் கால்களைப் பாருங்கள், அந்த நீண்ட கால்கள் வட்டமடிக்கப் பார்க்கும், ஆனால் பலம் போயிருக்கும். மூன்றாவதில் ரெஃப்ரி ஸ்டீல், ஆமாம் அதே ரிச்சர்ட் ஸ்டீல், காயத்தைப் பார்க்க மருத்துவரை அழைப்பார். சண்டையை நிறுத்திவிடுவார்களோ என்று ஹேக்லருக்குப் பயம் வந்துவிடும். அதற்கு அடுத்து அவர் என்ன செய்கிறார் என்பதை நான் சொல்லப் போவதில்லை, பாருங்கள்.